சீனியருக்கும் அதே சீட்டுதான்! பழவேற்காடு படகும் சான் ஆன்டோனியோ பேஸ்கட்பால் டீமும்

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில் சில இடங்கள் உண்டு. அங்கே கம்பு ஊன்றி வலை கட்டியவருக்கு அன்றைக்கு நல்ல வரும்படி. கொஞ்சம் தள்ளிக் கட்டியவருக்குக் கூலிகூடத் தேறாமல் போகலாம்.

அப்படியானால் அந்த நல்ல இடம் யாருக்கு? பலசாலிக்கா, பணக்காரருக்கா, விடியும் முன்பே போய் இடம் பிடிப்பவருக்கா?

யாருக்கும் இல்லை. அதற்கு 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பல தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு அது. எந்த நாளில் எந்த ஊர் தண்ணீரில் இறங்கும், அந்த ஊரில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவார் என்பதைச் சீட்டும் முறைவரிசையும்தான் தீர்மானிக்கின்றன. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர், அடுத்த முறை சுமாரான இடத்துக்கு நகர வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும், கேரளத்தில் கொச்சிப் பக்கத்துக் காயல்களிலும்கூட இதே மாதிரியான ஏற்பாடுகள் உண்டு.

இதை ஆய்வாளர்கள் 'வளத்தைப் பகிரும் முறை' என்று எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் முதன்முதலாகப் படகில் ஏறும் பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேறு ஒன்றாகவும் தெரியும். 40 வருடம் தண்ணீரில் கிடந்தவர், எந்த மேகத்துக்கு எந்தக் காற்று என்று சொல்லத் தெரிந்தவர், அவரும் சீட்டு எடுத்துவிட்டு அது காட்டும் இடத்துக்குப் போகிறார். முணுமுணுப்பு இருக்கலாம். ஆனால் போகிறார். அதைப் பார்த்த பையனுக்கு ஒழுங்கைப் பற்றி யாரும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஒரு தொழிலுக்குள் சின்னப் பையன் வரும்போது அவனை உருவாக்குவது எது? திறமையா, பயிற்சியா, அல்லது அங்கே பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதமா? கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு உலகமும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. அங்கே இதற்கு ஒரு பதில் வைத்திருந்த டீம் என்று திரும்பத் திரும்பப் பேசப்படுவது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ். என்.பி.ஏ. பேஸ்கட்பால் லீக்கில் 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து முறை சாம்பியன். 1998 முதல் 2019 வரை தொடர்ந்து 22 வருடம் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்த டீம். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி பெரிய நகரமும் இல்லை. பெரிய நட்சத்திரங்கள் ஆசைப்பட்டுத் தேடிவரும் ஊரும் இல்லை.

நீச்சல் குளத்தை அடித்துப்போன புயல்

கதை ஒரு தீவில் ஆரம்பிக்கிறது. கரீபியன் கடலில் சென்ட் க்ராய் என்ற சின்னத் தீவு. அங்கே டிம் டங்கன் என்ற பையனுக்கு நீச்சல்தான் உயிர். ஒலிம்பிக்ஸ் கனவோடு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். 1989-ல் ஹ்யூகோ புயல் வந்து தீவின் நீச்சல் குளத்தை நாசமாக்கிவிட்டது. பயிற்சியைக் கடலில் தொடரலாம் என்றார்கள். அவனுக்குச் சுறா என்றால் பயம். நீச்சல் அத்தோடு நின்றது. அடுத்த வருடம், 14-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மார்பகப் புற்றுநோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்தான். பேஸ்கட்பால் அதன் பிறகுதான் வாழ்க்கைக்குள் வந்தது. படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, கோடிகள் கூப்பிட்டும் போகாமல் நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டே 1997-ல் என்.பி.ஏ.வுக்கு வந்தார்.

என்.பி.ஏ.வில் 'டிராஃப்ட்' என்று ஒன்று உண்டு. புதிதாக வரும் இளம் வீரர்களை ஒவ்வொரு டீமும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய டீம்களுக்கு முதல் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதையும் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். (சீட்டு அங்கேயும் இருக்கிறது!) 1996-97 சீசனில் ஸ்பர்ஸ் 82 ஆட்டங்களில் வெறும் 20-ல்தான் ஜெயித்திருந்தது. அவர்களுடைய பெரிய நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தால் கிட்டத்தட்ட சீசன் முழுக்க வெளியே. குலுக்கலில் முதல் இடம் விழுந்தது. டங்கன் வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் ராபின்சனை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர், லீக்கின் சிறந்த வீரர் விருதை 1995-லேயே வாங்கியவர், ஊரே கொண்டாடும் மனிதர். அவருடைய இடத்திலேயே ஆடக்கூடிய 21 வயதுப் பையன் ஒருவன் வருகிறான். எத்தனை அலுவலகங்களில் நாம் பார்த்திருக்கிறோம், இப்படி ஒரு பையன் வந்தால் சீனியர் என்ன செய்வார் என்று! ராபின்சன் அந்தக் கோடையில் டங்கனைக் கொலராடோவில் இருந்த தன் வீட்டுக்கு வரவழைத்து, கூடவே பயிற்சி செய்தார். சீசன் தொடங்கியபோது, டீமின் முதல் ஆள் என்ற இடத்தை மெதுவாக விட்டுக்கொடுத்தார். இரண்டே வருடத்தில், 1999-ல், ஸ்பர்ஸுக்கு முதல் கோப்பை. ராபின்சன் 2003-ல் இரண்டாவது கோப்பையோடு ஓய்வு பெற்றார்.

டங்கன் மொத்தம் 19 சீசன் அதே டீமில் ஆடினார். தனக்கு முன்னால் இருந்தவர் எப்படி நகர்ந்து இடம் கொடுத்தார் என்பதைப் பார்த்தவர் அல்லவா? அது அவரிடமும் ஒட்டிக்கொண்டது.

முதல் திட்டு யாருக்கு?

ஸ்பர்ஸின் கோச் கிரெக் பாப்போவிச். 1996 டிசம்பரிலிருந்து 2025 மே மாதம் வரை தலைமைக் கோச். லீக் சுற்றுகளில் 1,422 வெற்றி, என்.பி.ஏ. வரலாற்றில் இதுதான் அதிகம். கோபக்காரர். டைம் அவுட்டில் அவர் கத்துவதைப் பார்த்தால் வீட்டில் டி.வி. பார்ப்பவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவருடைய கத்தலில் ஒரு கணக்கு இருந்தது. டீமில் பெரிய ஆள் டங்கன். ஆகவே திட்டு டங்கனுக்கும் உண்டு, மற்றவர்கள் முன்னிலையிலேயே. டங்கன் அமைதியாக நின்று கேட்டுக்கொள்வார். பதிலுக்கு முறைப்பது, மறுநாள் பத்திரிகைக்காரர்களிடம் குறை சொல்வது எதுவும் கிடையாது. மூன்று கோப்பை, நான்கு கோப்பை வாங்கியவரே வாயை மூடிக்கொண்டு கேட்கும்போது, நேற்று வந்த பையன் 'என்னை எப்படித் திட்டலாம்?' என்று எகிற முடியுமா? இந்த ஒரு விஷயத்தை பாப்போவிச்சே பலமுறை சொல்லியிருக்கிறார்: டங்கன் தன்னைத் திட்ட அனுமதித்ததால்தான் மற்றவர்களுக்குத் தன்னால் கோச்சாக இருக்க முடிந்தது.

பழவேற்காட்டுச் சீட்டும் இதுதான். பெரியவருக்கு ஒரு விதி, சின்னவனுக்கு ஒரு விதி என்று இரண்டு இருந்தால், சின்னவன் கற்றுக்கொள்வது தொழிலை அல்ல. எப்படிச் சீக்கிரம் பெரியவனாகி விதியிலிருந்து தப்பிப்பது என்பதை.

திட்டோடு விட்டிருந்தால் பாப்போவிச் இன்னொரு கடுகடு கோச்சாக மட்டும் இருந்திருப்பார். திட்டிய அன்று ராத்திரி அவர் சாப்பிடக் கூட்டிப்போவார். ஸ்பர்ஸின் கூட்டுச் சாப்பாடு ரொம்பப் பிரபலம். வெளியூர்ப் பயணங்களில் ஹோட்டலை அவரே தேர்ந்தெடுப்பார், என்ன சாப்பாடு, யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை யோசிப்பார். 2013 இறுதிப் போட்டியில், மயாமிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், இன்னும் சில விநாடிகள் தாக்குப்பிடித்திருந்தால் கோப்பை கையில். கடைசி நிமிடத்தில் நழுவியது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு வெற்றியைக் கொண்டாட ஒரு ரெஸ்டாரன்ட்டை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டை ரத்து செய்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாப்போவிச் எல்லோரையும் அங்கேயே வரச் சொன்னார். தானே முதலில் போய், மேஜைகளை நகர்த்தச் சொல்லி, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். ஏழாவது ஆட்டத்திலும் தோற்றார்கள். ஆனால் அடுத்த வருடம் அதே மயாமியை 4-1 என்று வீழ்த்திய டீமில் பெரும்பாலோர் அந்த ராத்திரி ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்தான்.

ஸ்பர்ஸின் உடை மாற்றும் அறையில் ஒரு வாசகம் மாட்டியிருக்கும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளரான ஜேக்கப் ரீஸ், கல் உடைப்பவரைப் பற்றி எழுதியது. நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதன் நெருங்கிய சொந்தம் அது. அதை வீரர்களின் தாய்மொழிகளிலும் எழுதி வைத்தார்கள் என்பதுதான் விசேஷம். ஆங்கிலம் தடுமாறும் பையனுக்கும் அது அவனுடைய அறைதான் என்று சொல்லும் வழி.

57-வது ஆளும் 28-வது ஆளும்

ஒரு டிராஃப்டில் முதலாவதாக வரும் டங்கனை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். ஸ்பர்ஸின் உண்மையான கெட்டிக்காரத்தனம் மற்றவர்கள் கவனிக்காத பையன்களிடம் தெரிந்தது.

1999 டிராஃப்டில் மொத்தம் 58 பேர். அர்ஜென்டினாக்காரர் மனு ஜினோபிலியை ஸ்பர்ஸ் எடுத்தது 57-வது இடத்தில். அவசரமே படவில்லை. அவர் இத்தாலியில் ஆடிப் பக்குவப்பட்டு 2002-ல்தான் வந்து சேர்ந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவையே அரையிறுதியில் தோற்கடித்து அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த ஆள் அவர். அப்படிப்பட்டவரை பாப்போவிச் தொடக்க ஐந்து பேரில் சேர்க்காமல், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறக்கினார். டீமுக்கு அதுதான் நல்லது என்று கணக்கு. ஜினோபிலி ஒப்புக்கொண்டார். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் பெஞ்சில் உட்காரும்போது, பெஞ்ச் அவமானமான இடம் என்று எந்தப் பையன் சொல்ல முடியும்?

டோனி பார்க்கர் கதை இத்தனை இனிப்பானது இல்லை. பிரான்ஸிலிருந்து வந்தவர். 2001-ல் 28-வது தேர்வு. முதல் தகுதிச் சோதனையில் சொதப்பி, பாப்போவிச் சில நிமிடங்களிலேயே 'போதும்' என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது வாய்ப்பில் மனம் கவர்ந்து, 19 வயதிலேயே முதல் ஐந்து பேரில் ஒருவரானார். ஆனால் 2003 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், கோப்பை முடிவாகும் நேரத்தில், அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து வேறு ஒருவரை ஆட வைத்தார் கோச். அதே கோடையில் டீம் நிர்வாகம், பார்க்கர் ஆடும் அதே இடத்துக்கு ஜேசன் கிட் என்ற பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவர முயற்சியும் செய்தது. 21 வயதுப் பையனுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! கிட் வரவில்லை. பார்க்கர் இருந்தார், கோச்சும் அவரை விட்டுவிடவில்லை. 2007 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் பார்க்கர்தான். டீம் கலாசாரம் என்றால் எல்லோரும் எப்போதும் அன்பாகப் பேசிக்கொள்வது என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கதை.

பயிற்சிக்கென்று ஒரு தனி ஏற்பாடும் இருந்தது. பக்கத்து நகரமான ஆஸ்டினில் இருந்த சிறிய லீக் டீம் ஒன்றை ஸ்பர்ஸ் 2007-ல் வாங்கியது. மேலே ஆட நேரம் கிடைக்காத இளைஞர்கள் அங்கே போய் ஆடலாம். அதே ஆட்டமுறை, அதே சொற்கள். மற்ற டீம்களில் கீழ் லீக்குக்கு அனுப்பப்படுவது தண்டனை மாதிரி. கோரி ஜோசப் என்ற கனடா இளைஞர் தன்னை அங்கே அனுப்பும்படி தானே கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து 2014 சாம்பியன் டீமில் இருந்தார்.

பாப்போவிச்சின் வகுப்புகள் பந்தோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலிய வீரர் பாட்டி மில்ஸ், டாரஸ் நீரிணைத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர். அந்தத் தீவுகளில் பிறந்தவர்தான் எடி மாபோ. தங்கள் நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அரசு சொன்னதை எதிர்த்து வழக்காடினார். ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் 1992 ஜூன் 3-ம் தேதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது அவர் உயிரோடு இல்லை. 2014 ஜூன் 3. இரண்டு நாளில் இறுதிப் போட்டி தொடங்குகிறது. அன்று பாப்போவிச் மொத்த டீமையும் உட்கார வைத்துப் பேசியது மாபோவைப் பற்றி. தன் மக்களின் கதையைத் தன் டீம் தெரிந்துகொண்டது மில்ஸுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் பிறகு நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். ஒரு கரையின் மக்களுக்கு அந்தக் கரைமீது உள்ள வழக்குரிமை என்ன என்ற கேள்வி, பழவேற்காட்டுக்காரர்களுக்கும் அந்நியமானது இல்லை.

பங்கு பிரிக்கும்போது

மீன் விற்ற காசைப் பிரிக்கும் நேரத்தில்தான் ஒரு படகின் குணம் தெரியும் என்பார்கள். படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆட்களுக்கு இத்தனை என்று தமிழகக் கடற்கரை முழுக்கப் பங்கு முறை உண்டு. புதிதாக ஏறும் பையனுக்குப் பல ஊர்களில் முதலில் அரைப் பங்கு. கயிறு பிடிக்க, தண்ணீர் இறைக்க, வலையிலிருந்து நண்டின் கால் ஒடியாமல் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு முழுப் பங்கு. 'டேய் தம்பி, கம்பைச் சாய்க்காதடா' என்று மாமாவிடம் வாங்கும் வசவுகள் கணக்கில் வராத சம்பளம்.

என்.பி.ஏ.விலும் பங்குப் பிரச்னை உண்டு. ஒரு டீம் தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சீனியர் பெரிய துண்டை எடுத்தால் ஜூனியர்களுக்கு மிச்சம் குறையும், அல்லது நல்ல ஆளை வாங்கவே முடியாது. 2012-ல் டங்கனின் ஒப்பந்தம் முடிந்தது. வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர், புது ஒப்பந்தத்தின் முதல் வருடத்துக்கு அதில் பாதிக்கும் குறைவாக ஒப்புக்கொண்டார். அதனால் டீமால் மற்றவர்களைத் தக்கவைக்க முடிந்தது. அந்த மற்றவர்களோடுதான் 2014 கோப்பை வந்தது. அந்த இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் டங்கன் இல்லை. 22 வயது கவாய் லெனர்ட்.

லெனர்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஸ்பர்ஸ் முறையின் சிறந்த சாதனையும் பெரிய தோல்வியும் அவர்தான்.

2011-ல் 15-வது இடத்தில் தேர்வானவர். கைகள் பெரியவை, தடுப்பாட்டம் அபாரம், ஆனால் தூரத்திலிருந்து எறிந்தால் பந்து விழாது. ஸ்பர்ஸில் எறிதலுக்கென்றே சிப் எங்கெலண்ட் என்ற கோச் இருந்தார். பந்தைப் பிடிக்கும் உயரம், விடும் இடம் என்று சின்னச் சின்னதாகத் திருத்தினார். மூன்றே வருடத்தில் இறுதிப் போட்டியின் நாயகன். அடுத்த 20 வருடத்துக்கு இவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2017-18-ல் தொடைத் தசையில் காயம். டீம் டாக்டர்கள் ஒன்று சொல்ல, லெனர்டின் தரப்பு வேறு டாக்டர்களை நம்பியது. நம்பிக்கை விட்டுப்போயிற்று. அந்த சீசனில் வெறும் 9 ஆட்டம். 2018 ஜூலையில் டொரன்டோவுக்கு மாற்றப்பட்டார். மறுவருடமே டொரன்டோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

கூட்டுச் சாப்பாடு, கல் உடைப்பவர், மாபோ எல்லாம் இருந்த டீம்தான். ஆனாலும் ஓர் இளைஞனுக்குத் தன் உடம்பைப் பற்றிப் பயம் வந்தபோது அந்த டீமை அவன் நம்பவில்லை. தவறு எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் விவாதம் ஓடுகிறது. விசுவாசத்தைப் பெரிதாக மதிக்கும் இடங்களில், 'எனக்கு வேறு மாதிரி வேண்டும்' என்று ஒரு பையன் சொல்வது கஷ்டம் என்பது மட்டும் நிச்சயம்.

சீட்டில் பெயர் இல்லாதவர்கள்

பழவேற்காட்டிலும் இந்தக் கஷ்டம் உண்டு. பாடு எவ்வளவு நியாயமான முறையோ, அவ்வளவும் அதற்குள் இருப்பவர்களுக்குத்தான். குறிப்பிட்ட ஊர்களில் பிறந்த, குறிப்பிட்ட மீனவச் சமூகத்தின் ஆண்களுக்கே அந்த உரிமை. கடற்கரைக் குப்பங்களில் மணமான ஆண் ஒரு 'தலைக்கட்டு'; ஊருக்கு வரி கட்டுவார், ஊர் முடிவுகளில் கணக்கில் வருவார். பெண்களுக்குச் சீட்டு இல்லை. அதே ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இல்லை. ஏரியை நம்பி வாழும் மற்ற ஊர்களுக்கும் பாடு ஊர்களுக்கும் இடையே உரசல் அவ்வப்போது வெடிக்கிறது. உள்ளே இருப்பவர்களிடம் சமத்துவம், வெளியே இருப்பவர்களுக்கு மூடிய கதவு என்பது இந்த முறையின் பழைய முரண்.

விளையாட்டு டீம்களாவது கதவைத் திறந்து பார்த்திருக்கின்றன. 2014-ல் பெக்கி ஹாமனை முழுநேர உதவிக் கோச்சாக பாப்போவிச் நியமித்தபோது, என்.பி.ஏ.வில் அப்படி ஒரு பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஸ்பர்ஸ் அலுவலகத்தில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்த சாம் பிரெஸ்டி என்ற இளைஞர், பிறகு ஓக்லஹோமா சிட்டி தண்டர் டீமின் பொறுப்பாளராகி, இளைஞர்களை வைத்தே 2025-ல் கோப்பை வென்றார்.

நம் பக்கம் பேஸ்கட்பால் இன்னும் வேறு தண்டவாளத்தில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் நன்றாக ஆடும் பையனோ பெண்ணோ கனவு காண்பது கிளப்பை அல்ல, வேலையை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப். இவைதான் நம்முடைய 'புரொஃபஷனல்' டீம்கள். பெரியகுளத்திலும் கோவையிலும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் இந்த டீம்கள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. இந்திய அணியின் கேப்டனாக இருந்து, குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் இருந்து வந்தவர். வேலை உறுதியாக இருப்பதால் ஒரு சீனியர் பத்து பதினைந்து வருடம் அதே டீமில் இருக்க முடிகிறது. ஜூனியருக்குப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது. வேலைவாய்ப்பு சுருங்கினால் இந்தச் சங்கிலியும் அறும் என்பது இதன் மறுபக்கம்.

கிரிக்கெட்டில் இந்த மாதிரி டீம் என்றால் எல்லோரும் சி.எஸ்.கே. பெயரைத்தான் சொல்வார்கள். 2020-ல் ருதுராஜ் கெய்க்வாட் முதல் மூன்று ஆட்டங்களில் 0, 5, 0. அவரை மறுபடி இறக்கினார்கள்; தொடர்ந்து மூன்று அரை சதம். 2021-ல் 635 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி, 2024-ல் கேப்டன். பொறுமையின் பலன். ஆனால் 2025-ல் அதே சி.எஸ்.கே. பட்டியலில் கடைசி. அனுபவசாலிகளை நம்பிக்கொண்டே இருந்ததில், பையன்களை உள்ளே விடும் நேரம் தவறிவிட்டது என்ற விமர்சனம் வந்தது. சீசனின் பாதியில் 17 வயது ஆயுஷ் மாத்ரேயைக் கூப்பிட்ட பிறகுதான் ரசிகர்களுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

ஸ்பர்ஸும் விழாமல் இல்லை. லெனர்ட் போன பிறகு, 2020 முதல் 2025 வரை ஆறு சீசன் பிளே ஆஃப் கிடையாது. 2023-ல் 22 வெற்றி, 60 தோல்வி. மறுபடி குலுக்கல், மறுபடி முதல் இடம். இந்த முறை விக்டர் வெம்பன்யாமா என்ற ஏழடிக்கு மேல் உயரமான பிரெஞ்சு இளைஞர். அவர் வந்ததும் நடந்த முதல் காரியங்களில் ஒன்று, சாப்பாடு. மேஜையில் பாப்போவிச், ராபின்சன், டங்கன், ஜினோபிலி. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. 2024-ல் வெம்பன்யாமாவும், 2025-ல் அதே டீமின் ஸ்டெஃபான் காசிலும் லீக்கின் சிறந்த புதுமுகங்கள்.

2024 நவம்பரில் பாப்போவிச்சுக்குப் பக்கவாதம். மறுவருடம் மே மாதம் பொறுப்பை உதவிக் கோச் மிட்ச் ஜான்சனிடம் கொடுத்தார். இந்த ஜான்சன், ஆஸ்டினில் இருக்கும் அந்தச் சின்ன டீமில் வேலை பார்த்து மேலே வந்தவர். டங்கனும் ஓய்வுக்குப் பிறகு 2019-ல் ஒரு சீசன் உதவிக் கோச்சாகத் திரும்பி வந்தார். அப்போது பாப்போவிச் வேடிக்கையாகச் சொன்னது: 19 வருடம் நான் டங்கனுக்கு உதவிக் கோச்சாக விசுவாசமாக வேலை பார்த்தேன், இப்போது அவர் கடனைத் திருப்பித் தருகிறார்.

ஸ்பர்ஸுக்கு வாய்த்த வசதி ஒன்று பழவேற்காட்டுக்கு இல்லை. ஸ்பர்ஸ் தோற்றாலும் மைதானம் அங்கேயே இருக்கும். பழவேற்காட்டில் மைதானமே சுருங்குகிறது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, ஆந்திரத்திலும் தமிழகத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டே இருக்கிறது. அடைத்தால் கடல் தண்ணீர் வராது, இறால் குஞ்சும் வராது. படகு கடலுக்குப் போகவும் வழி இல்லை. அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கும்படி மீனவர்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள், அனல் மின் நிலையங்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கம் வேண்டாம் என்று இந்த ஊர்கள் போராடின. அதே பக்கத்திலிருந்துதான் பிளஸ் டூ முடித்த பையன்களுக்கு கான்ட்ராக்ட் வேலையும் வருகிறது.

பையன் படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்றுதான் பெரும்பாலான அம்மாக்கள் சொல்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இறால் இல்லாத நாளில் அந்த நல்ல இடத்துச் சீட்டும் வெறும் காகிதம்தான். ஆனால் பையன்கள் படகில் ஏறுவது நின்றால், எந்த ஓட்டத்தில் எந்தக் கம்பை எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்பதை மாமாக்கள் யாரிடம் சொல்வார்கள்? அது எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை.

கடற்கரை ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் வேலைக்குப் போனவர்களும், வளைகுடா நாட்டில் இருப்பவர்களும்கூட, திருவிழாவுக்கு வரும்போது பாக்கி இல்லாமல் ஊர் வரியைக் கட்டிவிட்டுப் போவார்கள். ஊர்க் கணக்கில் பெயர் இருக்கட்டும் என்று.